உனக்கு வலிப்பு இருந்ததே இல்லை

அக்கா,

இன்று அரசு ஆஸ்பத்திரியில் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன், மலையாளம் கலந்து பேசுகிற டாக்டரம்மா என் எடையைக் கேட்டார். ஈறில் குத்தியதும் உடனே அழுத்தாமல், ரத்தம் வருகிறதா என்று ஊசியைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக மருந்தைச் செலுத்திவிட்டு, "செவியில இரைச்சல் உண்டா மோளே? வாயில இரும்பு ருசி?" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலிக்கிறதோ என்று அவர் பயந்துவிட்டார். எனக்கு வந்தது கோபம், அக்கா. யாரும் கேட்காமலேயே நீ சொன்னாயே, அதைத்தான் அவர் கேட்டார்.

நீ பல் பிடுங்கப் போன அந்த ஒரு நாள் லீவுக்கே கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சினாய். கடைவீதிக் கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்ததும் முதலில் அதைத்தான் பேசினாய். "ஏனுங்க டாக்டர், மூணு பல்லையும் இன்னைக்கே புடுங்கிருங்க. மறுக்கா லீவு கேட்டா வேலையே போயிருமுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். கீழே இரண்டு பக்கமும் ஊசி, மேலே ஒரு பக்கம். ஓரிடம் மரக்கவில்லை என்று மறுபடியும், அப்புறம் மறுபடியும். எத்தனை தின்றாலும் ஒட்டாத உடம்பு உனக்கு. அவர் எடை கேட்கவில்லை. மூலையில் ஸ்டூலில் ஒடுங்கிக் கிடந்த என்னைக் காட்டி, "இவளுக்குப் போட வேண்டாமுங்க டாக்டர். இவ வாய் பொறந்ததுல இருந்தே மரத்துத்தான் கெடக்குது" என்றாய். உதவிக்கு நின்ற பெண்கூடச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் உன் முகம் மாறியது. "நாக்குல இரும்ப வெச்ச மாதிரி இருக்குதுங்க. காதுக்குள்ள வண்டு கத்துதுங்க."

"பயந்தா அப்படித்தான் தோணும். தலையை ஆட்டாதே."

இன்னொரு ஊசி போட்டார். உன் உதடு துடித்தது. பேச்சு குழறியது. பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. அந்தப் பெண் ஓடிப்போய் ஷட்டர் சாவிக்கொத்தை எடுத்துவந்து உன் உள்ளங்கையில் திணித்தாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். தெருவில் யாராவது செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. படித்த டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு கொடுக்க ஒரு சிலிண்டர்கூட அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே உன் மூச்சு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். கிளினிக்காரர்கள் கட்டிய கதைப்படி உனக்கு ஏற்கெனவே வலிப்பு நோய் இருந்ததாம், நாம் மறைத்துவிட்டோமாம். கண்ணாடிக் கதவு வழியாகச் சாவியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதற்குச் சாட்சி ஆகிவிட்டார்கள். பெரியம்மாவே வந்து, "உள்ளுக்குள்ள இருந்திருக்கும் கண்ணு. உன்னையும் ஒருத்தன் கட்டோணுமில்ல, இதைக் கெளறாம இரு" என்றாள். சொந்தப் பெரியம்மா!

ஆகவே இன்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக்கில் முன்பே உன் தோலில் ஊசி குத்திச் சோதித்து, ஒத்துக்கொள்கிறது என்றார்களே, பிறகு எப்படி என்று கேட்டேன்.

"ஒத்துக்காமப் போறது வேற மோளே. இது மருந்து ரத்தத்துல அதிகமா ஏறுறது. ஆருக்கும் வரும், வலிப்பும் வரும். அதுக்குத்தான் அளவு பாக்கணும். அறிகுறி கண்டா அப்பவே நிறுத்தணும்."

வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தால், கிளினிக் ஆள் அப்பாவின் எதிரே உட்கார்ந்திருந்தான். நாளை பாலக்காட்டில் உன் சாவைப் பற்றி விசாரணை.

"முன்னாலயே வலிப்பு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சமுங்க."

அப்பா தலை குனிந்திருந்தார். அந்தத் தலை ஆடிவிடும் என்று தோன்றியது. பஞ்சைத் துப்பினேன்.

"எங்கக்காளுக்கு வலிப்பு இல்லீங்க. காது இரையுதுன்னு சொன்னா. உங்க டாக்டர் மறுக்கா ஊசி போட்டாரு."

"பாப்பாவுக்கு வாய் கொழறுது" என்று அவன் சிரித்தான்.

குழறத்தான் செய்தது. அதனால் நிறுத்தி நிறுத்தி இரண்டாம் முறை சொன்னேன். சிரிப்பு நின்றது. மூன்றாம் முறை நான் ஆரம்பித்தபோது அவன் செருப்பைத் தேடினான்.

அவன் போன பிறகு அப்பா தலையை நிமிர்த்தினார். "நாளைக்கு அத்தனை பேரு முன்னால பேசுவியா சாமி?"

"பேசுறனுங்கப்பா."

பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று அங்கே கேட்பார்கள். கேட்கட்டும். நீ பேசியதைக் கேட்டவர்கள் அந்த அறையில் மூன்று பேர். இரண்டு பேர் நீ எதுவுமே சொல்லவில்லை என்கிறார்கள். மூன்றாவது ஆள் நான்.