திரும்பிப் போ என்று சொல்லாத விளையாட்டு

என்னைத் தோளில் வைத்து லயன் வீட்டு வரிசை முழுக்கச் சுற்றிக் காட்டிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் முப்பத்திரண்டு வருஷம். அண்ணன் சுப்பையா இருந்தவரை வருஷா வருஷம் உங்கள் படத்தைப் பேப்பரில் போட்டு, கண்ணீர் வடிப்பதாக எழுதிவிடுவான். கீழே ‘குடும்பத்தார்’ என்று இருக்கும். அந்தக் குடும்பத்தாரில் அழாதவள் நான் ஒருத்திதான்.

அண்ணனும் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால் இந்த வருஷம் நான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நீங்கள் நிறுத்திய கை இது. பிழை இருந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

என் மகன் வயிற்றுப் பேத்தி தர்ஷினி படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இருபத்தொரு வயது. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விளையாட்டுத் தேடுகிறாள். விளையாடுவதுகூட இல்லை அப்பா, தேடுகிறாள். ஒன்றைப் போடுவாள், இரண்டு நாள் ஆடுவாள், சீ என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவாள். துணிக்கடையில் சேலை பிரித்துப் போடுகிற மாதிரி.

அப்படி என்னதான்டி உனக்கு வேண்டும் என்று கேட்டேன். ஆன்லைனில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடுவதாக இருக்க வேண்டுமாம். நாம் ஓர் ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே நடக்க வேண்டுமாம். காடு, மலை, ஆறு எல்லாம் திறந்து கிடக்க வேண்டுமாம். “எங்க வேணும்னாலும் போவணும் பாட்டி. போன எடத்துல ஏதாச்சும் இருக்கணும். சுத்துனதுக்கு ஒரு பலன் வேணும்லா” என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வாசலைத் திறந்தால் மலை நிற்கிறது. இந்த மலையைப் பார்க்கத்தான் சனி ஞாயிறில் கோலாலம்பூர்க்காரர்கள் கியா பார்ம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் மலை தேடிக் கம்ப்யூட்டருக்குள் போகிறாள்.

வெளியே போய் நடடி என்றேன். எங்கே நடப்பது என்று திருப்பிக் கேட்டாள். அந்தப் பக்கம் போனால் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம், நாய் கட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் போனால் எஸ்டேட் போர்டு, உள்ளே வராதே என்று. ரோட்டில் இறங்கினால் லோரி. அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, என்னதான் இருக்கிறது என்று பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க அருவருப்பு. ஒரு விளையாட்டில் வானத்தில் மஞ்சள் அம்பு ஒன்று தொங்குகிறது. அம்பு காட்டிய வழியிலேயே பொம்மை போகிறது. கங்காணி விட்ட நிரையில் நாங்கள் கொழுந்து எடுத்த மாதிரிதான். இதற்கு எதற்கு ஒரு கம்ப்யூட்டர்?

இன்னொன்றில் ஒரு கூட்டமே ஒரு காட்டுப்பன்றியைச் சுற்றி நின்று வெட்டுகிறது. பன்றி செத்துச் செத்து எழுந்திருக்கிறது, மறுபடி வெட்டுகிறார்கள். இவள் பெண்பிள்ளை என்று தெரிந்ததும் அதில் எவனோ ஒருத்தன் அசிங்க அசிங்கமாக எழுதினான். நான் படிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். அவளே முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மூடினாள்.

மூன்றாவதில் மலை அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பொம்மை ஏறி ஏறி உச்சிக்கு வந்தது. வந்தது, ஒன்றுமில்லாத காற்றில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. என்னடி அது என்றேன்.

“எல்லை முடிஞ்சிருச்சாம். திரும்பிப் போன்னு சொல்லுது பாட்டி.”

அப்பா, அது யார் சொன்ன சொல் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. அம்மா செத்து ஒரு வருஷம், எனக்குப் பத்து வயது. நீங்கள் எஸ்டேட்டுக்கு ஜாகா. எல்லையைக் காவல் காப்பது உங்கள் வேலை, காட்டில் உங்களுக்குத் தெரியாத தடம் கிடையாது. அம்மாவின் திதிக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு, தேங்காயும் வெற்றிலையுமாக மேலே ஏறிப் புதைகாட்டுக்குப் போனீர்கள். நான் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து வந்தேன். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து என் காலடியில் எறிந்தீர்கள்.

“பொட்டப் புள்ளைக்கு இங்க என்ன வேல? திரும்பிப் போ.”

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை. பெண்கள் புதைகாட்டுக்குப் போகக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருந்ததுதான். எல்லா வீட்டிலும் மண்ணாங்கட்டி எறியவில்லை.

அப்புறம் கீழே ரோட்டோரம் புது இடுகாடு வந்தது. காட்டுக்கு அப்பால் பழையதைச் சுற்றியிருந்த தேயிலையை எஸ்டேட் கைவிட்டதாம், காடு மூடிக்கொண்டது. நீங்களும் அண்ணனும் மட்டும் போய் வந்தீர்கள். உங்களுக்குப் பிறகு அவன் தனியாகப் போனான். முட்டி போன பிறகு அவனும் போகவில்லை. வழியையாவது சொல் என்று எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? அது பொம்பளைகள் போகிற இடமில்லை என்று சொல்லிச் சொல்லியே செத்துப் போனான். அம்மா எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்த கடைசி ஆள் அவன். எனக்கு எழுபத்திரண்டு ஆகிவிட்டது. கண் மூடுவதற்குள் அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

நாலாவதாக ஒன்று கிடைத்தது. அதில் அம்பும் இல்லை, காற்றில் சுவரும் இல்லை. அருவிக்குப் பின்னால் நுழைந்தால் ஒரு குகை, குகைக்குள் ஒரு பெட்டி. உச்சிக்கு ஏறினால் யாரோ விட்டுப்போன கடிதம். நடந்த இடம் மட்டும் படத்தில் வெளிச்சமாகிறது, நடக்காத இடமெல்லாம் மூட்டம் போட்டுக் கிடக்கிறது. கெடா மாநிலத்திலிருந்து ஒரு பெண் காதுக்குள் பேசிக்கொண்டே கூட வருவாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து தேடுவார்கள். இதுதான் பாட்டி நான் தேடினது என்று தர்ஷினி முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள். நானும் கோப்பி ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது அந்தக் காரியத்தைச் செய்தாள். காட்டுக்குள் ஒரு கல்லறையைக் கண்டுபிடித்து மூடியைத் தள்ளினாள். உள்ளே கிடந்த எலும்புக்கூட்டைத் தடவி, மோதிரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மணி அடித்தது. சபாஷ் என்று எழுத்து வந்தது.

பிணத்தின் மேல் கை வைக்கிறாயே, நீ பெண்ணா பேயா என்று கத்தினேன். இது கேம்தான், எல்லாரும் எடுப்பார்கள் என்றாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“எங்கம்மா குழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. நீ எவன் குழியவோ நோண்டிக்கிட்டு இருக்க.”

தர்ஷினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். “சுப்பையா தாத்தாவ எடுத்தப்ப நானும் லோரில ஏறுனேன். கையப் புடிச்சு எறக்குனது யாரு பாட்டி?”

நான்தான். எல்லார் முன்னாலும் இழுத்து இறக்கினேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததும் உங்கள் சொல்தான், எழுத்து மாறாமல். என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்கும் உங்களைத்தான் நோகிறேன்.

அவள் என்னைப் போல இல்லை, கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டாள். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்றாள். எனக்கு வழி தெரியாதே என்றேன். வழி வேண்டாம், அம்மாவை எடுத்த அன்றைக்கு நான் பார்த்ததைச் சொன்னால் போதும் என்றாள்.

சொன்னேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபின் தூக்கினார்கள். மத்தியானக் கொழுந்து நிறுப்பதற்குள் ஆண்கள் திரும்பிவிட்டார்கள். புதைத்துவிட்டு வருகிறவர்கள் ஆற்றில் தலை முழுகாமல் வீட்டுக்கு வரமாட்டார்கள், நீங்களும் முழுகித்தான் வந்தீர்கள். வாசலுக்கு வந்தபோது உங்கள் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் மிதித்த படியில் வெள்ளைக் களிமண் அப்பியிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவியது நான். துக்கத்தில் இருக்கிற ஒன்பது வயதுப் பிள்ளையைக் கழுவச் சொன்னது நீங்கள்.

தர்ஷினி எழுதுவதை நிறுத்தினாள். “சொட்டிக்கிட்டே வந்தாங்கன்னா ஆறு கிட்டதான் இருக்கணும். எல்லாரும் மேல, மேலன்னு சொல்றீங்க. ஆத்தத் தாண்டி அந்தாண்டக் கரைல யாராச்சும் தேடுனீங்களா?”

யாரும் தேடவில்லை. வெள்ளைக் களி ஆற்றங்கரையில் பழைய பம்ப் வீட்டுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு எத்தனையோ வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நீங்கள் தேயிலைக் காட்டைச் சுற்றி மேல் வழியாகப் போய், முழுகிவிட்டு ஆற்று வழியாக இறங்கி வந்திருக்கிறீர்கள். மண்ணாங்கட்டி விழுந்த இடத்தோடு நின்றுபோன எனக்கு அது எப்படித் தெரியும்?

எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பகலில் போனோம். முதல் ஞாயிறு அட்டைக் கடிதான் மிச்சம். நான் பழைய தடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் இஷ்டத்துக்கு விட்டேன். அவள் தடத்தைத் தேடவே இல்லை. கரை ஓரமாக நடந்து நடந்து, காட்டுக்குள் வரிசை தெரிகிறதா என்று பார்த்தாள். காட்டில் எதுவும் நேராக முளைக்காது, நேராக இருந்தால் மனிதன் வைத்தது என்றாள். அதை அந்தக் கேடுகெட்ட விளையாட்டில்தான் படித்தாளாம்.

வரிசை தெரிந்தது. வெட்டாமல் விட்ட தேயிலை, நம் தலைக்கு மேல் மரமாக நின்றது, நிரை நிரையாக. அதன் நடுவில் குழிக்குக் குழி வைக்கிற சிவப்பு இலைச் செடி, இங்கொன்றும் அங்கொன்றுமாக. வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது அப்பா. அறுபத்து மூன்று வருஷம் என் அம்மா கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறாள்.

மற்ற குழியெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஒன்றில் மட்டும் சிமெண்டுக் கல் இருந்தது, பாசி மூடி. தர்ஷினி குச்சியால் சுரண்டினாள். ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் எழுத்துதான். அன்னம்மா. அதற்குக் கீழே, மகன் சுப்பையா.

அவள் இன்னும் கீழே சுரண்டினாள். பக்கவாட்டில் சுரண்டினாள். பின்பக்கம் போய்ச் சுரண்டினாள்.

“ஒங்க பேரு இல்லியே பாட்டி.”

“வேற எடத்துல தேடாத. இல்ல.”

“கேமா இருந்தா இந்த எடத்துல ஏதாச்சும் குடுப்பாங்க.”

“குடுத்துட்டாங்கல்ல.”

கோபமா என்று கேட்டாள். கோபமில்லை, குமட்டுகிறது என்றேன். கல்லில் இடம் இல்லாமல் இல்லை, கை அகலம் காலியாக இருக்கிறது. என் பேரில் ஐந்து எழுத்து. ஆணி கையில் இருந்தது, சிமெண்ட் காயவில்லை. அந்த ஐந்து எழுத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆனாலும் நான் அங்கே உட்கார்ந்தேன். அம்மா காலடிப் பக்கம் எது என்று தெரியாததால் நடுவில் உட்கார்ந்தேன். தர்ஷினி என் காலிலிருந்து அட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேனா என்று அவளைக் கேட்காதீர்கள், உங்களுக்குச் சொல்ல மாட்டாள்.

அவள் இப்போதும் அந்த விளையாட்டைத்தான் ஆடுகிறாள். தன் பொம்மைக்கு அன்னம்மா என்று பேர் வைத்தாள். என் அம்மா பிணத்தின் விரலில் மோதிரம் கழற்றுகிறவள் இல்லை, மாற்று என்றேன். கல்லறையைக் கண்டால் இனிமேல் மூடியைத் தொடமாட்டேன் என்கிறாள். நான் நம்பவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தால் எனக்கு இன்னும் முகம் சுளிக்கிறது.

அம்மா திதிக்கு ஒரு வாளி சிமெண்டோடு நானும் அவளும் போகிறோம். அண்ணன் பேரை அழிக்க மாட்டேன், அவனும் அவள் பெற்றவன்தான். அதன் கீழே என் பேரை நானே எழுதுவேன். என்னைத் தூக்கும்போது தர்ஷினி லோரியில் ஏறுவாள், யாரும் அவள் கையைப் பிடிக்கக் கூடாது என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது.

ரோட்டோரத்தில் உங்களுக்கு அண்ணன் கட்டிய கல்லையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அதில் யார் யார் பேர் இருக்கிறது? என் பேர் இருந்தாலும் வருவேன், இல்லாவிட்டாலும் வருவேன். தேங்காயும் வெற்றிலையும் கொண்டு வருவேன். என்னைத் திரும்பிப் போகச் சொல்ல அங்கே இனி யாரும் இல்லை.

அடையாள அட்டையில் என் பேருக்குப் பின்னால் உங்கள் பேர்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் மட்டும் மாற்றிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அன்னம்மா மகள்
காளியம்மா