இருபத்தெட்டில் வைத்த சூடு

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வருபவர்களுக்கு உடம்பு சில்லிட்டுக் கிடக்கும். வெளியே வெயில் அடித்தாலும் நான் ஓட்டும் ஆஸ்பத்திரி வேனில் ஹீட்டர் போடச் சொல்வார்கள். முன்சீட்டு வாத்தியாருக்கு எப்போதும் ஒரே பாட்டு: "இருபத்தெட்டுல வைம்மா, பல்லு தந்தியடிக்குது." துணைக்கு வரும் அவர் மனைவி பின்சீட்டிலிருந்து, "இவருக்குக் கல்யாணத்தன்னிக்கே குளிர்தான்" என்று சிரிப்பார்.

இன்று சாப்பிட்ட வயிறு, அந்தச் சூடு. சிக்னலில் கண் சொக்கிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அவர்கள் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினேன். வாத்தியார் சால்வையை இழுத்துக்கொண்டார். பாவமாக இருந்தது, ஏற்றிவிட்டேன். தொடையைக் கிள்ளிக்கிள்ளி ஓட்டினேன். இருபது வருஷம் ஓட்டுகிற எனக்கென்ன என்றொரு திமிர்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. வியாழக்கிழமை மதியம் பாலத்துச் சுவரில் மோதிவிட்டேன். எனக்கு விலா எலும்பு. வாத்தியாருக்குக் கை. அவர் மனைவி அந்த இடத்திலேயே போய்விட்டார்.

பாலம் ஏறியது நினைவிருக்கிறது. அப்புறம் சுவர். நடுவில் ஒன்றுமே இல்லை. மூணு செகண்டா, நாலா? அந்த நேரம் நான் எங்கே போயிருந்தேன்?

மார்ச் 24, திங்கள்

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. "அவங்களே சொல்றாங்க, நீ வாயத் திறக்காத" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 29

வெந்நீரில் குளிக்க முடியவில்லை. முதுகில் சூடு பட்டதும் பின்னாலிருந்து அந்தம்மா சிரிப்பது கேட்கிறது.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் வேன்களைப் பார்க்கும் மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் நல்லாப் பாத்துத்தான் வண்டிய அனுப்பினேன். நீங்க பிரேக்க மிதிச்சீங்கதானே?"

"மிதிச்சேன்" என்றேன்.

நம்பிவிட்டான். தன் கைகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனான்.

ஏப்ரல் 3

மிதிக்கல. தூங்கிட்டேன். இதையே மேனேஜருக்கும் போலீசுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 19, வியாழன்

லைசென்ஸ் போயிற்று, வழக்கு நடக்கிறது. மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டான், என்னோடு பேசுவதில்லை.

இன்று வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் யோசித்துத்தான் உள்ளே விட்டாள். டயாலிசிஸ் முடிந்து வந்து நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போர்வை, மடிப்புக் கலையாமல்.

"அம்மா போனதிலேர்ந்து எதையும் போத்திக்க மாட்டேங்கிறாரு" என்றாள் மகள்.

"சூடு வச்சா தூக்கம் வருமாமே. நான்தானே வைக்கச் சொன்னேன்" என்றார் அவர்.

சிக்னலில் தூங்கியதைச் சொன்னேன். தெரிந்தும் அடுத்தடுத்து ஓட்டியதைச் சொன்னேன். "குளிருதுன்னு நீங்க சொன்னீங்க சார். தூக்கம் வருதுன்னு நான் சொல்லல."

"நீ போ" என்றார்.

போர்வைக்காகக் கை நீட்டினார். நான் எடுக்கக் குனிந்தேன். மகள் முந்திக்கொண்டு எடுத்துப் போர்த்தினாள்.