நீ கேட்ட மேடைப் பேச்சு

அன்புள்ள அண்ணா,

மாணவிகளின் சம உரிமை பற்றி நீ கெய்ரோவில் பேசவேண்டிய பேச்சை எழுதி முடித்துவிட்டேன். மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கெய்ரோ பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் வாங்கிப் போனதில் அப்பாவுக்கு ஏகப் பெருமை. மறுநாள் நான் கல்லூரிப் பையை எடுத்தபோது மட்டும், "அண்ணன் கூட இல்லாம மினியா காலேஜ் வரைக்கும் பொண்ணு தனியா பஸ்ல போவாளா? ஊரு என்ன பேசும்?" என்று கேட்டார். அம்மா என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

"நான் அப்பாகிட்ட பேசுறேன், நீ முதல்ல பேச்சை எழுதி அனுப்பு" என்று சொன்னாய். பிறகு இரண்டு முறை அப்பாவை அழைத்தாய். கால்பந்தைப் பற்றிப் பேசி இருவரும் சிரித்தது சமையலறை வரை கேட்டது.

பக்கத்து வீட்டு உம்மு வஜ்தி தினமும் வருகிறாள். மகனுக்குப் பெண் பார்க்கிறாளாம். நேற்று நான் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டுவதைப் பார்த்து, "விரல் மாதிரி அழகா சுத்துறியே! இந்தக் கைக்குச் சட்டப் படிப்பு எதுக்குடி?" என்றாள். அம்மாவும் சிரித்தாள்.

போன வருடம் மினியா கல்லூரி மேடையில் நீ பேசிய அந்த வரியையும் சேர்க்கச் சொல்லியிருந்தாய்: "நானும் என் தங்கையும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறோம்." எழுதினேன், அடித்தேன், திரும்பவும் எழுதிவிட்டேன். கெய்ரோவிலிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்த வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்து. கைதட்டுவார்கள்.

உன் தங்கை