பன்னிரண்டு பேரும் நம்பினோம்

லிண்டர்பர்க்
பிப்ரவரி 9, 1998

திரு. கர்ட்டிஸ் பிராண்ட்வோல்ட் அவர்களுக்கு,

என் பெயர் வெர்னா டொலெஃப்சன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முன்வரிசை, இடது ஓரம், ஓயாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவி என்றால் ஒருவேளை நினைவு வரலாம். போன அக்டோபரில் உங்கள் வழக்கை விசாரித்த பன்னிரண்டு ஜூரிகளில் நானும் ஒருத்தி.

இங்கேயே கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு வருடம் என்பதைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்டனை எவ்வளவு என்பதை எங்களுக்குச் சொல்லவில்லை. அது எங்கள் வேலை இல்லையாம்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், எங்களுக்குத் தலைவராக இருந்த விதைக் கடைக்காரர் கேட்டார்: "இந்தப் பையன் பொய் சொல்றான்னு யாருக்காவது தோணுதா?" யாருக்கும் தோன்றவில்லை. நடன அரங்கு வாசலில் அந்தப் பெண் காட்டிய அடையாள அட்டையில் பத்தொன்பது வயது என்று போட்டிருந்ததாகக் காவலாளி சாட்சி சொன்னாரே, அப்போது அரசு வக்கீல் எழுந்து தடுத்தார். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார் நீதிபதி. காதில் விழுந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சரி, எல்லாரும் நம்புறோம்," என்றார் விதைக் கடைக்காரர். "ஆனா அவன் என்ன நெனச்சான்னு ஜட்ஜ் நம்மளக் கேக்கவே இல்லியே. உறவு இருந்துச்சா? பொண்ணுக்குப் பதினாறு ஆகலியா? ரெண்டே கேள்வி. அவனே ஆமாங்கறான். அப்புறம் எதுக்கு இழுக்கணும்?"

இருபது நிமிடத்தில் பன்னிரண்டு கைகளும் உயர்ந்துவிட்டன. மதியத்துக்கு சாண்ட்விச் சொல்லியிருந்தார்கள். அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்து, சாப்பிட்டுவிட்டு, பிறகுதான் காவலரைக் கூப்பிட்டோம். நீங்கள் கீழே காத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் சாப்பிட்டேன், முழுசாக.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு எதற்காகவும் இல்லை.

இப்படிக்கு,
வெர்னா டொலெஃப்சன்


மாநிலச் சிறை
மார்ச் 2

மதிப்புக்குரிய திருமதி டொலெஃப்சன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் அதைச் சலவைக்கூடத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். அங்கேதான் எனக்கு வேலை. அரை மணி கழித்து ஈரத் துணிகளுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தேன்.

பன்னிரண்டு பேருமா? நிஜமாகவா? முடிந்தால் அதை இன்னொரு தடவை எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. நான் இரண்டு தடவை வயதைக் கேட்டேன். இரண்டு தடவையும் அவள் சொன்னதை நம்பினேன். சாட்சிக் கூண்டில் அவள் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் அவள் குழந்தை என்பது எனக்கு உறைத்தது. மூன்று மாதம் பழகியும் இது என் கண்ணில் படவில்லையே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் அப்பா லீலண்ட் முதல் நாள் மட்டும்தான் நீதிமன்றத்துக்கு வந்தார். தீர்ப்புக்குப் பிறகு ஒரே ஒரு முறை இங்கே வந்தார். உட்காரவில்லை. "பன்னெண்டு பேருடா கர்ட்டிஸ்! முன்னப்பின்ன தெரியாத பன்னெண்டு பேர். அத்தனை பேரும் சேந்து உன்னையப் பொய்யன்னு சொல்றாங்கன்னா, நான் யாரை நம்பறது?" என்றார். தெரிந்தே செய்தேன் என்று நினைக்கிறார். நான் எழுதும் கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன.

நீங்கள் போய் அவரிடம் சொல்வீர்களா? பழைய ஆலைச் சாலையில் கடைசிப் பண்ணை. கறந்து முடித்து ஒன்பது மணிக்குத் தொழுவத்தில் இருப்பார்.

உங்கள்,
கர்ட்டிஸ்


லிண்டர்பர்க்
ஏப்ரல் 6

அன்புள்ள கர்ட்டிஸ்,

என் மகனைவிடச் சின்னவன் நீ. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பன்னிரண்டு பேரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன். பன்னிரண்டு பேரும் உன்னை நம்பினோம்.

பனி உருகிப் பாதை சேறாகக் கிடந்ததால் நேற்றுதான் போக முடிந்தது. அப்போதும் காரைச் சாலையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்துதான் போனேன். உன் அப்பா பால் கறக்கும் இயந்திரத்தின் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சொல்ல வேண்டியதைத்தான் கோர்ட்லயே சொல்லிட்டீங்களே."

"இல்லீங்க. அங்க அதைச் சொல்ல எங்களுக்கு இடமில்ல. உங்க மகன் பொய் சொல்லல. நாங்க எல்லாருமே நம்பினோம்."

அப்போதுதான் குழாயை மூடினார். "நம்பினீங்களா? நம்பிட்டு எப்படிக் குத்தவாளின்னு கை தூக்கினீங்க?"

நீதிபதி சொன்ன இரண்டு கேள்விகளையும் அவரிடம் சொன்னேன். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பது சட்டத்துக்குக் கேள்வியே இல்லை என்றேன்.

"என் மாடு வேலி தாண்டிப் போச்சுன்னாக்கூட, கதவைத் தெறந்து விட்டியா, தானாத் தெறந்துச்சான்னு கேப்பாங்க. இவன்கிட்ட அதுகூடக் கேக்கலியா? என்ன சட்டம்மா இது?"

"பதினஞ்சு வயசுப் பொண்ணுங்களுக்காகப் போட்ட சட்டம்," என்றேன்.

காபி வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை. ஆனால் நான் காரைக் கிளப்பும்வரை தொழுவ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. நீ அவர் மகன், உனக்குத் தெரியலாம்.

என் வீட்டுக்காரர் ஆர்னி போய் நாலு வருடம் ஆகிறது. மகன் அலாஸ்காவில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும். இப்போதெல்லாம் தபால் வண்டி வரும் நேரத்துக்குக் காரணமில்லாமல் வாசலைப் பெருக்குகிறேன். சும்மா சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வெர்னா


மாநிலச் சிறை
ஜூன் 15

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

நீங்கள் மே மாதம் எழுதிய நாலு கடிதங்களும் கிடைத்தன. உங்கள் தக்காளி நாற்றுகளை முயல் தின்றதைப் படித்து, பல மாதத்துக்குப் பிறகு சிரித்தேன்.

ஒரு விஷயம். என் வக்கீல் கவர்னருக்குக் கருணை மனு போடுகிறார். ஜூரியில் ஒருவரே எழுதிக்கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு என்கிறார். அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டால் போதும். "தண்டனை இவ்வளவு என்று தெரிந்திருந்தால் நான் குற்றவாளி என்று சொல்லியிருக்க மாட்டேன்" என்ற வரிதான் முக்கியமாம்.

வெளியே வந்தாலும் என் பெயரும் படமும் அரசாங்கத்தின் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு தர மாட்டார்கள். அதோடு எப்படியோ வாழ்ந்துகொள்வேன். மிச்சமிருக்கும் இந்த ஐந்தரை வருடத்தை மட்டும் குறைக்க முடிந்தால்!

உங்கள்,
கர்ட்டிஸ்


லிண்டர்பர்க்
ஜூலை 3

அன்புள்ள கர்ட்டிஸ்,

அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தேன். என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அந்த வரி உண்மை இல்லை.

எனக்கு இங்கா என்று ஒரு தங்கை இருந்தாள். 1944. அவளுக்குப் பதினாலு வயது. அறுவடைக்கு வந்த முப்பது வயது ஆள் ஒருவன். அப்பா போலீஸுக்குப் போனார். "பாத்தா பதினெட்டு மாதிரி இருந்தா, நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றான் அவன். எல்லோரும் நம்பினார்கள். வழக்கே போடவில்லை. அறுவடை முடிந்ததும், கூலி வாங்கிய மற்றவர்களைப் போல அவனும் ரயில் ஏறினான். அவன் சொன்னது பொய். எங்கள் வீட்டு மேசையில் அவளுடைய பதினாலாவது பிறந்தநாள் கேக்கைத் தின்றவன் அவன். இங்கா அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பது வயதுவரை எங்கள் அம்மாவோடு இருந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, செத்துப்போனாள்.

அந்த அறையில் முதலில் உயர்ந்த கை என்னுடையதுதான். நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்தேதான் தூக்கினேன். "நெனச்சேன்" என்ற வார்த்தை வாசலைத் திறந்துவிட்டால், அவனைப் போன்றவர்கள் எல்லோரும் அதன் வழியாகப் போய்விடுவார்கள் என்று தோன்றியது. உன்னை நம்பினேன், அவனுக்காக உன்னைப் பிடித்துக்கொடுத்தேன். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் வேறு மாதிரி செய்வேனா என்று கேட்டால், அதுவும் இல்லை.

கவர்னருக்கு என் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை, உன்னை விட்டுவிட வேண்டும் என்று இரண்டு பக்கம். மறுபடியும் அப்படித்தான் செய்வேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். உன்னிடம் மட்டும் வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

வெர்னா


மாநிலச் சிறை
அக்டோபர் 20

அன்புள்ள வெர்னா அம்மாவுக்கு,

கருணை மனுவைத் தள்ளிவிட்டார்கள். உங்கள் கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்து எழுதியிருந்தார்கள்: "மறுபடியும் அப்படித்தான் செய்வேன்." முன்னால் இருந்த இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் உங்கள்மேல் கொதித்துப் போயிருக்கிறார்.

அப்பா ஆகஸ்டில் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "அந்தம்மா சேத்துல நடந்து வந்து சொல்லிட்டுப் போச்சுடா. நான்தான் உன்கிட்டக் கேட்டிருக்கணும்," என்றார். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறார். பசுக்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். அது எனக்குப் போதும். நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

இங்காவைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்த ஆளின் வழக்கில் நான் ஜூரியாக உட்கார்ந்திருந்தால், அவன் என்ன நினைத்தான் என்று கேட்டிருக்க மாட்டேன். கை தூக்கியிருப்பேன். அப்படியானால் என் வழக்கைப் பற்றி நான் என்ன சொல்வது? எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. தெரியாமலே இன்னும் ஐந்து வருடம் துணி துவைக்க வேண்டும்.

அந்த வருடங்களைத் தாண்ட வேண்டுமானால் இனி உங்கள் கடிதம் வரக் கூடாது, அம்மா. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம் வருகிறது. அடுத்த நொடியே முதலில் உயர்ந்த அந்தக் கை கண்ணில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்க என்னால் ஆகவில்லை. எனக்கு எழுதுகிறவர்களின் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு வேறு யாரும் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம் ஆனது.

குளிர் வந்துவிட்டது. வாசலில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள்.

கர்ட்டிஸ்