ரோனாவுக்கு ஒரு கஜம் மிஞ்சக் கூடாது

27 ஆகஸ்ட் 2019, செவ்வாய்

பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிப் போடுகிறவளால், ஒரு கஜம் தள்ளியிருக்கும் குழிக்குள் ஒரு பந்தை உருட்ட முடியாமல் போவது ஏன்? எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். நரம்பு என்கிறார்கள் சிலர், மனம் என்கிறார்கள் சிலர். இரு தரப்பின் புள்ளிவிவரமும் மோசம்.

இன்று ஒன்பதாம் குழியில் ரோனாவின் வலது கை மறுபடி துள்ளியது. பந்து குழியைத் தாண்டி இரண்டு கஜம் ஓடியது. நான் கடலைப் பார்த்தேன். இன்வர்லாரி கோல்ஃப் கிளப்பில் அதுதான் வழக்கம்: யாருக்காவது அது வந்துவிட்டால் மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நானும் சொல்வதில்லை.

31 ஆகஸ்ட், சனி

பெண்கள் ஜோடிப் போட்டியில் காலிறுதி வென்றோம். வென்ற களை ரோனா முகத்தில் இல்லை. காரில் சொன்னாள்:

"இஷ்பெல், எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா, மட்டையெல்லாம் கொட்டாய்ல போட்டுப் பூட்டிருவேன். அதோட சரி."

"சரி" என்றேன்.

எதற்குச் சரி என்றேன்? அவள் கணவர் அலஸ்டர் நவம்பரில் இறந்துபோனார். அதற்குப் பிறகு, பசுக்களுக்குப் பேறு பார்க்கப் போகும் மாட்டுக்கொட்டில்களைத் தவிர, அவள் வீட்டை விட்டு வருவது இந்தப் பதினெட்டுக் குழிகளுக்காகத்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் ரோனா என்றாவது. நான் "சரி" என்றேன், அவள் இறங்கிப் போனாள்.

2 செப்டம்பர், திங்கள்

மதிய இடைவேளையில், அலுவலகத்தில். கண்ணுக்குத் தெரியாத மீன்களை எண்ணுவதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் தருகிறது. இதையும் எண்ணிவிடலாம்.

ஜோடி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருத்தி தொடங்கினால், இரட்டைப்படைக் குழிகளில் மற்றவள். கடைசியில் வரும் குட்டை உருட்டு ரோனாவுக்கு விழக் கூடாது. நான்கு முறை அடித்து முடிக்கும் குழியில் தொடங்கியவள் முடிப்பதில்லை. மூன்றிலோ ஐந்திலோ முடியும் குழியில் தொடங்கியவளே முடிக்கிறாள். ஆக, நான் இரட்டைப்படையை எடுத்துக்கொண்டால் பதினொரு குழிகளில் குட்டை உருட்டு தானாகவே எனக்கு வருகிறது. மீதி ஏழில் சூது செய்ய வேண்டும். தனித் தாளில் எழுதிவைத்தேன், அதிலிருந்து சில:

1. நான்கு அடி. ரோனா தொடங்குவாள். வலப்பக்கம் ரயில்பாதைச் சுவர். சூது தேவையில்லை.

5. ஐந்து அடி. ரோனா தொடக்கம், அப்படியே விட்டால் முடிப்பதும் அவள்தான். என் இரண்டாவது அடியை ஓடைக்கு வெகு முன்னாலேயே நிறுத்த வேண்டும். அவளுடைய மூன்றாவது அடி, குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையை எட்டாது. ஒரு அடி வீண், ஆனால் முறை மாறிவிடும்.

7. மூன்று அடி. ரோனா தொடக்கம். அவளிடம் ஒரு எண் சின்ன மட்டையைக் கொடுத்தால் பந்து முன்னாலேயே விழும். நான் அதைத் தூக்கி அடித்து, குழியின் கொடிக்கு நான்கு கஜம் தள்ளி நிறுத்த வேண்டும். அது எனக்கு இயல்பாகவே வரும்.

12. மூன்று அடி. நான் தொடக்கம். கடலிலிருந்து காற்று, இடது மணல்பள்ளத்தின் மேல் குறி வைத்தால் கிரீனில் இறங்கும். ரோனா நீள உருட்டு, நான் குட்டை உருட்டு. நல்ல குழி.

16, 18. இரண்டும் நான்கு அடி, இரண்டும் என் தொடக்கம். கெட்ட குழிகள். என் நீள உருட்டு குழியிலிருந்து ஒரு சாணுக்குள் நிற்க வேண்டும். அப்போது எதிராளி "எடுத்துக்கோங்க" என்று விட்டுக்கொடுத்துவிடுவாள், ரோனா தொட வேண்டியதில்லை. முடியாவிட்டால் நாலு கஜம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். தூரத்திலிருந்து அவள் கை துள்ளுவதில்லை.

இது ஏமாற்றா? விதிப்புத்தகம் பார்த்தேன். சொந்த ஜோடியை ஏமாற்றுவது பற்றி அதில் எதுவும் இல்லை.

7 செப்டம்பர், சனி

அரையிறுதி. வென்றோம். ரோனா ஒரே ஒரு குட்டை உருட்டைக்கூடச் சந்திக்கவில்லை. ஏழாம் குழியில் மட்டும் மட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காத்து எதுத்தாப்புல வருது. இதாலயா அடிக்கச் சொல்ற?"

"காத்து கொஞ்ச நேரத்துல விழுந்துரும்."

காற்று விழவில்லை. பந்துதான் விழுந்தது.

11 செப்டம்பர், புதன்

பெட்ரி ரொட்டிக்கடை. சனிக்கிழமை இறுதியில் எங்களுக்கு எதிராக ஆடப்போவது கடைக்காரி செங்கா பெட்ரியும், அவள் மருமகள் மார்வனும்.

"என்ன கண்ணு, நாலு ரொட்டி போதுமா? தோத்துட்டு வீட்ல உக்காந்து திங்க ஆறா வாங்கிட்டுப் போ."

ஆறு வாங்கினேன். முன்னெச்சரிக்கையாக.

13 செப்டம்பர், வெள்ளி

வடகிழக்குக் காற்று. ஐந்தாம் குழியை மாற்றி எழுதினேன். தூக்கம் சரியில்லை.

14 செப்டம்பர், சனி

பதினேழு குழிகள் தாள் சொன்னபடி, அல்லது தாளுக்கு அவமானமில்லாதபடி, போயின. இரு தரப்பும் சமம்.

பதினெட்டாம் குழி. நான் தொடங்கினேன். ரோனாவின் இரண்டாவது அடி கிரீனின் முகப்பில் ஏறி நின்றது, கொடிக்குப் பதினைந்து கஜம். அவர்கள் ஐந்தில் முடித்துவிட்டார்கள். நாங்கள் நான்கில் முடித்தால் கோப்பை. ஐந்தில் முடித்தால் சமன், கூடுதலாக ஒரு குழி. அந்தச் சரிவில் ஒரு சாணுக்குள் நிறுத்த என்னால் ஆகாது. நான்கு கஜம் முன்னால் நிறுத்தி, அவளை உருட்டவிட்டு, நான் முடிப்பதாகத் தீர்மானித்துக் குனிந்தேன்.

"இஷ்பெல்" என்றாள் பின்னாலிருந்து, மெதுவாக. "குழியப் பாத்து உருட்டு. எனக்கும் எண்ணத் தெரியும்டீ."

"எப்பலேருந்து?"

"ஏழாவதுல அந்தச் சின்ன மட்டையக் குடுத்தப்பலேருந்து. உருட்டு."

குழியைப் பார்த்து உருட்டினேன். தாண்டி ஒரு கஜம் போய் நின்றது. சரியாக ஒரு கஜம். செங்கா பந்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

ரோனா நின்றாள். கை துள்ளியது. பந்து இரண்டு கஜம் ஓடியது.

இப்போது என் முறை. சமன் செய்ய இரண்டு கஜம். இரண்டு வாரமாக எல்லாக் குட்டை உருட்டுகளையும் எனக்கே ஒதுக்கிக்கொண்டவள் நான். தவறவிட்டேன். கை துள்ளவில்லை, காரணம் எதுவும் இல்லை, வெறுமனே தவறவிட்டேன்.

ரோனா சிரித்தாள். கிரீனிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளப்புக்குள்ளே பருப்பு சூப். செங்கா ரோனாவிடம் கேட்டாள்: "கடைசியில என்னாச்சு கண்ணு, கை வேர்த்துருச்சா?"

"யிப்ஸ்" என்றாள் ரோனா, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரை. "மார்ச்லேருந்து."

கரண்டிகள் நின்றன. மார்வன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது.

செங்கா ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டாள். "எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு. கண்ண மூடிட்டுத்தான் உருட்டறேன். ஒருத்தர்கூடவா பாக்கல?"

ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரோனாவை வீட்டில் இறக்கிவிட்டேன். மட்டைப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகையும் வாசலும் வீட்டின் ஒரே பக்கம். எதற்குள் போனாள் என்று தெரியவில்லை. கொட்டகை என்றே நினைக்கிறேன். சொன்னதைச் செய்கிறவள்.

15 செப்டம்பர், ஞாயிறு

மைதானம் ஞாயிறன்று மூடியிருக்கும், நாய்களுக்கு மட்டும் அனுமதி. பத்தரைக்கு ரோனா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தத் தாள் எங்க?"

"எந்தத் தாள்?"

"நீ தாள் இல்லாம எதையும் பண்ண மாட்ட. குடு."

கொடுத்தேன். பென்சில் கேட்டாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். ஏழாவதில் நெடுநேரம் நின்றாள்.

"இது அவமானம். ஆனா கணக்கு சரி. பன்னெண்டாவது தப்பு."

"தப்பில்லை. நான் தொடங்கறேன், நான் முடிக்கிறேன்."

"நீ ஒரே அடியில கிரீனுக்குப் போனாத்தான? இந்த வருஷம் எத்தன தடவ போன?"

யோசித்தேன். "ரெண்டு."

"மீனையும் இப்படித்தான் எண்றியா?"

தேநீர் போட்டேன். அவள் அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். நாளை மாலை ஐந்தரை ஆட்டத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தாளின் தலைப்பில் இரட்டைப்படைக்கு நேரே என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள்.

அப்படிச் செய்தால் பதினொரு குழிகளில் குட்டை உருட்டு அவளுக்கு வரும் என்று சொன்னேன்.

"எண்ணிட்டேன்" என்றாள்.