தேடுபெட்டிக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. போனில் சொல்லலாம்தான், இந்த இரண்டு அறை வீட்டில் எந்தப் பேச்சும் அப்பா காதுக்குத் தப்பாது, அதனால்தான் கடிதம். அவர் கழுத்தில் இருக்கும் கட்டியை எடுத்தே ஆக வேண்டுமாம். எடுக்கும்போது குரல் நரம்பில் பட்டுவிட்டால் குரலே போனாலும் போகலாம் என்கிறார் டாக்டர். இருபத்தெட்டு வருஷமாகப் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்கிற மனிதருக்கு வேறு என்ன இடி வேண்டும், சொல். போனா போகுது, உனக்குத்தான் நிம்மதி என்று சிரிக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

இன்டர்நெட்டில் வழக்கமாகத் தேடுகிற இடத்தில் தேடினேன். ஒருவன் கஷாயம் விற்கிறான், ஒருவன் ஏழே நாளில் கரையும் என்கிறான், இன்னொருவன் ஆளே தேறாது என்கிறான். தலை சுற்றிப் போய் மூடி வைத்தேன். அப்புறம்தான் போன தடவை வந்தபோது நீ காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்தாயே, மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டும் தேடுகிற தளம், அது நினைவுக்கு வந்தது. முப்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிய கை அல்லவா, அந்தத் தளத்தின் தேடுபெட்டியில் ஐயா வணக்கம் என்று தொடங்கி, அப்பா வயது, கட்டியின் அளவு, பார்க்கும் வேலை எல்லாம் விவரமாக எழுதி, ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் பதில். எங்கள் ஆபீஸே தேவலை, மூன்று மாதம் கழித்தாவது பரிசீலனையில் உள்ளது என்று எழுதுவோம். சிரிக்காதே.

வெட்கத்தை விட்டு நூலகக்காரப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். விண்ணப்பமெல்லாம் வேண்டாம்க்கா, வியாதி, ஆபரேஷன், குரல், மூணே வார்த்தை இங்கிலீஷ்ல போடுங்க என்றாள். அறுநூறு கட்டுரைகள் வந்து கொட்டின. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியவற்றை மட்டும் அவளே பிரித்துக் கொடுத்தாள். நாலு நாள் அகராதியும் கையுமாகப் படித்ததில் கண் எரிச்சலோடு ஒன்று புரிந்தது, இதே ஆபரேஷனை அடிக்கடி செய்கிற கை என்றால் குரலுக்கு ஆபத்து குறைவு. மறுநாளே டாக்டரிடம், வருஷத்துக்கு இதில் எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாலைஞ்சுதாம்மா என்றார். நல்ல மனிதர், கோபிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் வாரா வாரம் இதைச் செய்கிறவருக்கு அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு நாள் குறித்தாயிற்று. ஆபத்து குறைவுதான், இல்லவே இல்லை என்று எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டதுடா, இனித் தேட ஒன்றும் இல்லை.

நீ அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம். ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஏழாம் தேதிக்கு முன்னால் போன் செய். எப்போதும் போல அவர்தான் எடுத்து, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன் என்பார். கொடுக்க விடாதே. எந்த பஸ் எத்தனை மணிக்கு என்றாவது கேட்டு அவரையே பேச வை, பதிவு செய்து வைத்துக்கொள்.

உன் அம்மா