எந்தப் படை என்று கேட்டிருந்தாய்

ஓட்டமாவடி
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்புத் தம்பி பஸ்லான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். நீயும், உன்னை இவ்வளவு காலம் தன் பிள்ளையாய் வைத்திருக்கும் உதயரூபன் அண்ணனும் அங்கே நலமாயிருக்க வேண்டும்.

உன் குரல்பதிவு கிடைத்தது. பதிலை அப்படி அனுப்ப முடியாது. உம்மா என் போனை எடுத்து உன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். என் குரலும் அவளுக்கு அகப்படும். ஆகவே தாள். படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடுவேன்.

படகில் போய்ச் சேர்ந்த பிள்ளை அவுஸ்திரேலியப் பிரஜையாகி, அந்த நாட்டுப் படையிலேயே விமானம் ஓட்டப் போகிறான். இதை எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

விண்ணப்பத்தில் மூன்று படைகளையும் விரும்பும் வரிசையில் எழுத வேண்டும் என்றாய். தரைப்படை என்றால் நிலத்தின் மேல் ஹெலிகொப்டர். கடற்படை என்றால் கப்பலிலிருந்து கிளம்பி, கயிறு இறக்கி ஆட்களைத் தூக்கும் ஹெலிகொப்டர். விமானப்படை என்றால் மணிக்கணக்காகக் கடலைப் பார்த்தபடி பறக்கும் பெரிய விமானம். "ராத்தா எதைச் சொல்றயோ அதத்தான் முதல்ல எழுதுவன்" என்றாய்.

விமானப்படை என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். சம்பளத்துக்காகவோ மரியாதைக்காகவோ இல்லை. றம்ஸீனுக்காக.

உன்னையும் வாப்பாவையும் காசு வாங்கி ஏற்றி அனுப்பிய றம்ஸீன் இன்றைக்கும் கல்குடாவில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறான். இன்றைக்கும் மீன் மட்டும் ஏற்றுவதில்லை. மேலே நீ. கீழே அவன் படகு, தண்ணீரில் ஒரு நகக்கீறல் போல. நீ கண்டு சொல்கிறாய். படகு பிடிபடுகிறது. இந்தக் காட்சியோடுதான் கொஞ்ச நாளாகத் தூங்குகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்தும்போதுகூட அதுதான் ஓடுகிறது.

உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

நடுக்கடலில் விசிறியில் வலை சிக்கி இயந்திரம் நின்றதும், அதை அறுக்க வாப்பா இறங்கியதும், மேலே வராததும் உனக்குத் தெரியும். நீ பார்த்தாய். இரண்டு இயந்திரம் என்று சத்தியம் பண்ணிய றம்ஸீன் ஒரு பழையதைத்தான் பூட்டியிருந்தான். கடற்படைக்காரர் கயிறு இறக்கி உன்னைத் தூக்கிக் கரை சேர்த்த பிறகு நீ முகாமிலிருந்து பேசும்போதெல்லாம், அதே படகில் வந்த றம்ஸீனின் தம்பி உன் பக்கத்தில் நின்றான். நான் வாப்பாவைக் கேட்பேன். "வாப்பா தொழப் போயிட்டாரு ராத்தா" என்பாய். உனக்கு ஒன்பது வயது.

அடுத்த படகுக்கு ஆள் சேரும்வரை றம்ஸீனுக்கு வாப்பா உயிரோடு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்த மாதங்களில் உம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியாது. சாச்சியின் மகள் கலியாணத்துக்குச் சிவப்புச் சாரி உடுத்திப் போனாள். பூ வைத்தாள். "அவுஸ்திரேலியாக்காரிக்கு இப்ப கண்ணு தெரியுதில்ல" என்று பெண்கள் பகிடி பண்ணச் சிரித்தாள்.

பிறகு, உங்களோடு அதே படகில் வந்த உதயரூபன் அண்ணன் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். உம்மா வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருப்பதற்கு உள்ளறையைக் கூட்டி, வெள்ளைச் சீலை எடுத்து வைத்தாள். மவ்லவி வந்து விளக்கினார். கணவன் மௌத்தான நாளிலிருந்துதான் நாலு மாதமும் பத்து நாளும் எண்ண வேண்டுமாம். அறிந்த நாளிலிருந்து இல்லையாம். "உங்கட இத்தா முடிஞ்சி போச்சி, இனி இருக்கத் தேவல்ல" என்றார்.

உம்மா வெள்ளைச் சீலையை மடித்தாள். அழவில்லை. அழுவதற்கென்று இருந்த நாட்களை அவள் கலியாண வீட்டில் செலவழித்திருந்தாள்.

உடல் இல்லாத வாப்பாவுக்குப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். றம்ஸீன் முதல் வரிசையில் நின்றானாம்.

இதை உன் தலையில் போட எழுதவில்லை. போட வேண்டிய தலை எது என்று எனக்குத் தெரியும்.

போன கிழமை அவனைச் சந்தியில் கண்டேன். பஸ்ஸுக்கு நின்றேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். "டீச்சர், தம்பி பைலட்டாமே? மாஷா அல்லாஹ்! இனி நமக்கென்ன பயம்? மேல நம்மட பொடியன் தானே" என்று சிரித்தான்.

உம்மா பெருமையில் அயலுக்குச் சொல்லியிருந்தாள். அதை அவன் எடுத்துக்கொண்டான். நீ இன்னும் விண்ணப்பமே நிரப்பவில்லை. அவன் கதையில் நீ பறந்துகொண்டிருக்கிறாய். படகைக் கண்டாலும் காணாத மாதிரித் திரும்பிவிடுவாயாம். அதை நம்பி ஆட்கள் சேர்கிறார்கள். வாடைக்காற்று ஓய்ந்ததும் புறப்பாடு.

சேர்ந்தவர்களில் அஸீமாவும் ஒருத்தி. என் கூட்டாளி அஸீமா. உன்னைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனவள். கணவன், இரண்டு பிள்ளைகள், எல்லாரும்.

என் காட்சி அங்கேதான் உடைந்தது. அந்த நகக்கீறலுக்குள் றம்ஸீன் ஒருநாளும் இருக்கப் போவதில்லை. அவன் கரையில் மீன் பொரியலோடு சோறு தின்பான். உள்ளே அஸீமா இருப்பாள்.

பொலிஸில் சொல்லலாம். முன்பும் சொன்னோம். படகு வேறு யாருடைய பெயரிலோ இருந்தது.

இதை உம்மாவிடம் சொன்னேன். அலுமாரியைத் திறந்தாள். அந்தச் சிவப்புச் சாரி. அதை அவள் வைத்திருப்பதே எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அதை உடுத்து, நொண்டி நொண்டி அஸீமாவின் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தெரு முழுக்கப் பார்த்தது. "உன்ட மாமா மௌத்தாகி இருக்கக்குள்ள நான் இதத்தான் உடுத்திருந்தன். உன்ட உம்மாவுக்கும் ஒண்டு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டாள்.

அஸீமா அழுதாள். பிறகு சொன்னாள்: "அப்ப மேல ஆரும் இருக்கல்ல மாமி. இப்ப பஸ்லான் இருக்கான் தானே."

உன் பெயருக்கு முன்னால் உம்மாவின் சாரியும் தோற்றுப்போயிற்று.

ஆகவே, தம்பி, என் பதில். கடற்படையை முதலில் எழுது. உன்னைத் தூக்கியதும் ஒரு கயிறுதான். உயரத்திலிருந்து எல்லாப் படகும் ஒன்றுதான். கயிறு இறக்குகிறவனுக்கு முகம் தெரியும். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு றம்ஸீன் வேண்டும். கல்குடாக் கரையில், வாடை ஓய்ந்த நாளில், ஒருவரும் ஏறாத படகின் பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்க்க வேண்டும். உம்மாவும் அந்தச் சாரியோடு வந்து பார்ப்பாள்.

அதற்கு நீ விமானம் ஓட்டும்வரை காத்திருக்க முடியாது. உன் குரல் போதும். வாப்பா மௌத்தானதை என்னிடம்கூட நீ ஒருநாளும் உன் வாயால் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், என் போனுக்கு எடு. அஸீமா என்னோடு இருப்பாள். அவனை நம்பிய மற்ற வீட்டுப் பெண்களையும் கூட்டி வைக்கிறேன். அல்லாஹ் உனக்கு நாவில் பலம் தரட்டும். உன்னிடம் வாப்பா எங்கே என்று கேட்பேன். சொல்லு, தம்பி. இந்தத் தடவை உன் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

உன் ராத்தா,
நுஸ்ரா